முடிசூடிய பிழை

புகையிலைத் தோட்டத்திலே ஒரு செடி குன்றி நிற்கிறது. அதன் இலையிலே கரும்பச்சையும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத் திட்டாகத் தேமல். இலை சுருங்குகிறது, எடை குறைகிறது, சந்தைக்குக் கொண்டு சென்றால் வணிகன் முகம் சுளிக்கிறான். உழவன் தலையிலே கைவைத்துக் கொண்டு கேட்கிறான்: மண்ணின் குற்றமா? மழையின் குற்றமா? விதையின் குற்றமா? அன்றி, என்றோ செய்த பாவத்தின் பலனா?

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே ஹாலந்து நாட்டு உழவர்கள் இப்படித்தான் திகைத்து நின்றனர். அவர்தம் திகைப்புக்கு விடைகாணப் புறப்பட்ட அறிவுப் பயணம், ஓர் இலையிலே தொடங்கி, உயிரினங்களின் மூல எழுத்து எது என்னும் வினாவிலே போய் நின்றது. அந்தப் பயணத்திலே வெற்றிகள் உண்டு, பிழைகளும் உண்டு. பிழைகளுள் ஒன்று, நோபல் பரிசு என்னும் மணிமுடியையே சூடிக்கொண்டது! முடிசூடிவிட்டதே என்று அஞ்சாமல், அந்தப் பிழையைச் சோதனைச்சாலை எடுத்தெறிந்த வரலாற்றைத்தான் இங்கே சொல்ல வந்தோம். "பெரியவர் சொல்லிவிட்டார், பேசாதே" என்ற அதட்டலைக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இந்த வரலாறு இனிக்கும். அதட்டிப் பழகிய வாய்களுக்குச் சற்றுக் கசக்கும்.

வாகனிங்கன் என்னும் ஊரிலே ஒரு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம். அதன் தலைவர் அடால்ப் மேயர். ஜெர்மானிய நாட்டு வேதியியலார். 1879இல் இந்த நோயை ஆராயத் தொடங்கினார். மண்ணைச் சோதித்தார், அங்கே விடை இல்லை. பிறகு, நோயுற்ற இலையை அரைத்துச் சாறெடுத்தார். மயிரிழை போன்ற கண்ணாடிக் குழலிலே அதை ஏற்றி, நல்ல செடியின் இலை நரம்பிலே செருகினார். பத்துக்கு ஒன்பது செடிகள் நோயுற்றன. சாற்றை நன்கு காய்ச்சியபின் செருகினார், நோய் வரவில்லை. 1886இல் முடிவுகளை வெளியிட்டார். பல வண்ணக் கல் பதித்த தளம்போல இலை காட்சி தந்ததால் 'மொசைக் நோய்' என்று பெயரிட்டார். தமிழிலே நாம் தேமல் நோய் என்கிறோம்.

பாவமும் பழியும் அன்று, சாறுதான் நோயைச் சுமக்கிறது என்று மெய்ப்பித்துவிட்டார் மேயர். ஆனால் சாற்றிலே இருப்பது என்ன? பாஸ்டரும் காக்கும் பாக்டீரியாக்களைக் கண்டறிந்து உலகை வியக்கவைத்த காலம் அது. எனவே, "இதுவும் பாக்டீரியாவாகத்தான் இருக்கவேண்டும்" என்றார் மேயர். நுண்நோக்கியிலே தேடினார், கிடைக்கவில்லை. இருப்பினும் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. காலத்தின் பெருங்கொள்கை, கண்ணுக்குக் கட்டிய திரையாகிவிட்டது!

1892இல் ருஷிய நாட்டு இளைஞர் இவனோவ்ஸ்கி, அந்தச் சாற்றைப் பீங்கான் வடிகட்டியிலே ஊற்றினார். பாஸ்டரின் கூடத்திலே சேம்பர்லண்ட் என்பவர் உருவாக்கிய வடிகட்டி அது. பாக்டீரியாக்களைத் தடுத்து நிறுத்தும் நுண்துளைகள் கொண்டது. வடிகட்டிய தெளிந்த சாறு, நல்ல செடியிலே பட்டதும் நோயைத் தந்தது! பாக்டீரியா புக முடியாத வாயிலிலே எதுவோ புகுந்து வந்திருக்கிறது. ஆனால் இவனோவ்ஸ்கியும், பாக்டீரியா கக்கிய நஞ்சாக இருக்கலாம், அன்றி மிகச்சிறு பாக்டீரியாவே நுழைந்திருக்கலாம் என்றுதான் எண்ணினார். கையிலே புதுமை, கருத்திலே பழமை!

திரையைக் கிழித்தவர் பெய்யரிங்க். டெல்ப்ட் நகர ஆராய்ச்சியாளர். அவர் தந்தையே புகையிலை வாணிபத்திலே நொடித்துப் போனவர். 1898இல் அவர் மூன்று உண்மைகளை அடுக்கினார். வடிகட்டிய சாறு நோயைத் தருகிறது. அந்த நோயுற்ற செடியின் சாறு அடுத்த செடிக்கும், அதன் சாறு அதற்கடுத்த செடிக்கும், வலிமை குன்றாமல் நோயைத் தருகிறது. வெறும் நஞ்சாயின் நீர்த்துப் போயிருக்குமன்றோ? மூன்றாவதாக, அது வெளியிலே எந்த உணவிலும் பெருகுவதில்லை. உயிருள்ள, பெருகிக்கொண்டிருக்கும் செல்லுக்குள்ளே மட்டும் பெருகுகிறது. ஆகவே இது பாக்டீரியா அன்று, வேறொன்று என்று துணிந்து கூறி, 'உயிருள்ள தொற்றுநீர்' என்றார். நஞ்சு என்று பொருள்படும் 'வைரஸ்' என்னும் இலத்தீன் சொல் புதுப்பொருள் பெற்று நிலைத்தது. இவனோவ்ஸ்கி தமக்கு முன்னரே வடிகட்டிப் பார்த்தவர் என்பது தெரியவந்ததும், முதன்மை அவருக்கே உரியது என்று பெய்யரிங்க் ஒப்புக்கொண்டார். ஆராய்ச்சி உலகின் அறம் அது.

பெய்யரிங்கும் முழுதும் சரியல்லர். வைரஸ் நீர்மம் என்றார். அது துகள் என்பது பின்னர் தெரிந்தது. சரியான பாதியை உலகம் ஏற்றது. தவறான பாதியைத் தள்ளியது. சொன்னவர் பெரியவர் என்பதற்காகத் தவறான பாதிக்குக் கோயில் கட்டவில்லை!

ஆண்டுகள் உருண்டன. 1935. அமெரிக்காவிலே, பிரின்ஸ்டனில் இருந்த ராக்பெல்லர் ஆராய்ச்சிக் கூடத்திலே, வெண்டல் ஸ்டான்லி என்னும் வேதியியலார் தேமல் கண்ட புகையிலைச் செடிகளைக் குவியல் குவியலாக அரைத்தார். சாற்றை வடித்தார், உப்புக்களால் படியவைத்தார், மீண்டும் கரைத்தார், மீண்டும் படியவைத்தார். இறுதியிலே கிடைத்தது சிறிதளவு வெண்பொருள். நுண்நோக்கியின் கீழே ஊசி ஊசியாக மின்னும் படிகங்கள். உப்புப்போல், சர்க்கரைபோல், படிகம்! அந்தப் படிகத்தைக் கரைத்து இலையிலே தேய்த்தார். நோய் வந்தது, பெருகியது, பரவியது.

உலகம் திடுக்கிட்டது. புட்டியிலே அடைத்து வைத்தால் அசைவில்லை, உணவில்லை, மூச்சில்லை, சடப்பொருள். இலையிலே தடவினால் ஒன்று பலவாகப் பெருகுகிறது; உயிர்ப்பொருள்! உயிர் என்பது மேலிருந்து யாரோ ஊதி அனுப்பிய மூச்சு என்று சொல்லி வந்தவர்கள் இந்தப் புட்டிக்கு என்ன விளக்கம் தருவார்கள்? உயிருக்கும் சடத்துக்கும் இடையே எவராலும் தாண்டமுடியாத மதில் இருக்கிறது என்றார்கள். மதில்மேலே ஒரு புகையிலை வைரஸ் உட்கார்ந்து இருபுறமும் காலைத் தொங்கப்போட்டுக் கொண்டிருந்தது!

இங்கேதான் பிழை நுழைந்தது. தாம் கண்ட படிகம் முழுவதும் புரதமே என்றார் ஸ்டான்லி. தன்னைத்தானே பெருக்கிக் கொள்ளும் புரதம் என்று கருதினார். அன்றைய அறிவுலகம் அதை எளிதாக ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் உண்டு. புரதம் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனது. நியூக்ளிக் அமிலம் என்ற மற்றொரு பொருளோ நான்கே வகை எழுத்துக்களால் ஆனது. நான்கே எழுத்துள்ள மொழியிலே காப்பியம் எழுதமுடியுமா? பரம்பரையின் பெருநூல் புரதத்திலேதான் எழுதப்பட்டிருக்கும். நியூக்ளிக் அமிலம் வெறும் முட்டுக்கட்டை, தாங்குசட்டம் என்று அறிஞர் பலரும் எண்ணினர்.

அடுத்த ஆண்டே, 1936இல், இங்கிலாந்திலிருந்து மறுப்பு வந்தது. பாடன், பிரீ என்னும் இருவர் அதே வைரஸைத் தூய்மைப்படுத்திச் சோதித்தனர். பெர்னல், பான்குகன் இருவரும் எக்ஸ்ரே கதிரால் படமெடுத்தனர். அதிலே பாஸ்பரஸ் இருந்தது. சர்க்கரை வகைப்பொருளும் இருந்தது. இரண்டும் சேர்ந்து சொன்ன செய்தி ஒன்று: இது வெறும் புரதம் அன்று, ரைபோ நியூக்ளிக் அமிலம் இதனுள்ளே இருக்கிறது! எடையிலே நூற்றுக்கு ஐந்தாறு பங்கே. ஆனால் இருந்தது.

அது இருப்பதை நாளடைவில் அனைவரும் ஒப்பினர். எனினும், ஆணையிடும் அரசன் புரதமே, இந்த ஐந்தாறு பங்கு அரண்மனைப் பணியாள் என்ற எண்ணம் அகலவில்லை. 1946இல், மறுப்பு வெளிவந்து பத்தாண்டுகள் சென்ற பின்னர், வேதியியலுக்கான நோபல் பரிசிலே ஸ்டான்லிக்கும் ஒரு பங்கு தரப்பட்டது. எதற்காக? 'வைரஸ் புரதங்களை' தூய நிலையிலே பிரித்தமைக்காக! பிழை முடிசூடிக் கொண்டது.

ஸ்டான்லியை இகழ்வதற்காக இதைக் கூறவில்லை. படிகம் உண்மை, உழைப்பு உண்மை, அவர் திறந்த வாயிலிலேதான் பின்வந்தோர் நுழைந்தனர். பெரியோரும் பிழைசெய்வர், பரிசும் பிழையை மெய்யாக்காது என்பதே நாம் காணவேண்டியது.

மெய் எப்படி வெளிவந்தது? முதலில் நியூயார்க்கிலே. 1944இல் ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி மூவரும், நிமோனியா பாக்டீரியாவின் ஒரு வகையை மற்றொரு வகையாக மாற்றி, அம்மாற்றம் வழிவழியாகத் தொடரச் செய்யும் பொருள் டி.என்.ஏ. என்னும் நியூக்ளிக் அமிலமே என்று காட்டினர். பலர் நம்பவில்லை. 1952இல் ஹெர்ஷியும் மார்த்தா சேஸ் அம்மையாரும் பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸை எடுத்துக்கொண்டனர். தலையும் வாலுமாகத் தலைப்பிரட்டை போன்ற உருவம். வாலை ஊன்றி நின்று உள்ளே எதையோ செலுத்தும். எதை? புரதத்திலே கந்தகம் உண்டு, பாஸ்பரஸ் இல்லை, டி.என்.ஏ.விலே பாஸ்பரஸ் உண்டு, கந்தகம் இல்லை. கதிர்வீசும் கந்தகத்தால் ஒன்றுக்கும், கதிர்வீசும் பாஸ்பரஸால் மற்றதற்கும் அடையாளமிட்டனர். வைரஸ் பாக்டீரியாவைப் பற்றியதும், சமையலறையிலே பயன்படும் சுழற்கலக்கியில் இட்டுச் சுழற்றி வெளியே ஒட்டியிருந்த கூட்டை உதறினர். கந்தகம் பெரும்பாலும் வெளியே உதிர்ந்தது. பாஸ்பரஸ் பெரும்பாலும் உள்ளே சென்றிருந்தது. புரதம் உறை, கடிதம் நியூக்ளிக் அமிலம்!

"அது பாக்டீரியா வைரஸ், அதில் இருப்பது டி.என்.ஏ. புகையிலை வைரஸில் இருப்பதோ ஆர்.என்.ஏ. ஆயிற்றே?" என்று கேட்கலாம். கேட்டனர், விடையும் வந்தது. வியப்பு என்னவெனில், விடையின் ஒரு பகுதி வந்தது ஸ்டான்லியே கலிபோர்னியாவின் பெர்க்லியிலே நிறுவிய வைரஸ் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து! 1955இல் அங்கே பிரேங்கல் கான்ராட், வில்லியம்ஸ் இருவரும் தேமல் வைரஸைப் புரதம் வேறு, ஆர்.என்.ஏ. வேறு எனப் பிரித்து, பின்னர் ஒரு கலத்திலே கலந்தனர். கட்டுவோன் கை எதுவுமின்றித் துகள்கள் தாமே அடுக்கிக்கொண்டு, நோய் தரும் வைரஸ் மீண்டும் உருவாயிற்று. 1956இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரிலே கீரரும் ஷ்ராமும், புரதம் அகற்றிய வெறும் ஆர்.என்.ஏ.வை இலையிலே தேய்த்தனர், நோய் வந்தது! பிரேங்கல் கான்ராடும் அதே ஆண்டில் தனியாக அதே முடிவைக் கண்டார். 1957இல் அவரும் பியட்ரிஸ் சிங்கர் அம்மையாரும், ஒரு வகை வைரஸின் புரத உறைக்குள் வேறு வகை வைரஸின் ஆர்.என்.ஏ.வை இட்டுச் செடிக்குத் தந்தனர். பிறந்த குட்டிகள் யாரைப் போல இருந்தன? உறை தந்தவனைப் போல அன்று. கடிதம் தந்தவனைப் போல!

வழக்குத் தீர்ந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்காய் நின்ற புரதம் ஆடை. ஐந்தே பங்காய் இருந்த அமிலம் ஆணை. எண்ணிக்கையிலே பெரிது என்பதால் எதுவும் தலைமைக்கு உரியதாகிவிடாது என்று இயற்கையே எழுதிக்காட்டிற்று.

ஆணை தெரிந்தது, அமைப்பு? அந்த உடல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது? அதைக் கண்டவர்களுள் முன்னணியில் நின்றவர் ரோசலின்ட் பிராங்க்ளின் என்னும் ஆங்கில நங்கை. 1920இல் லண்டனிலே பிறந்தவர். லண்டன் கிங்ஸ் கல்லூரியிலே அவர் வழிகாட்டலில் 1952இல் எடுக்கப்பட்ட டி.என்.ஏ.வின் எக்ஸ்ரே படம், அவரறியாமல் வாட்சனுக்குக் காட்டப்பட்டதும், இரட்டைச் சுருள் அமைப்பைக் காண அது துணைநின்றதும் உலகறிந்த செய்தி. 1953இல் அவர் கிங்ஸ் கல்லூரியை விட்டு பிர்க்பெக் கல்லூரிக்குச் சென்றார். அப்போது பழைய தலைவரிடமிருந்து வந்த கடிதம் என்ன கூறிற்று தெரியுமா? நியூக்ளிக் அமிலத்தைப் பற்றிச் சிந்திப்பதையே நிறுத்திக்கொள்ள வேண்டுமாம்! சிந்தனைக்கு எல்லைக்கல் நடுவோர் கோயில்களிலே மட்டும் இல்லை, கல்லூரிகளிலும் உண்டு என்பதற்கு இது சான்று.

பிர்க்பெக்கிலே, 1936இல் படமெடுத்த அதே பெர்னலின் துறையிலே, பிராங்க்ளின் தேமல் வைரஸைக் கையிலெடுத்தார். பழைய வீடொன்றின் அடித்தளத்திலே எக்ஸ்ரே கருவி; மேல்மாடியிலே அறை. ஏரன் க்ளுக் என்னும் இளைஞர் உடன்சேர்ந்தார். 1955இல், வைரஸ் கோல்கள் அனைத்தும் ஒரே நீளமுடையவை என்று பிராங்க்ளின் எழுதினார். சீறி மறுத்தவர் யார்? 1936இல் ஸ்டான்லியின் பிழையைத் திருத்திய அதே பிரீ! பிழை திருத்தியவரும் பிழைசெய்தார். வைரஸ் ஆராய்ச்சியிலே முதுபெரும் புலமை அவருடையது. சான்றோ அந்த நங்கையின் பக்கம். சான்றே வென்றது.

என்ன கண்டனர்? மக்காச்சோளக் கதிரை மனக்கண்முன் நிறுத்துங்கள். நடுத்தண்டைச் சுற்றி மணிகள் நெருங்கி நிற்கின்றன அல்லவா? தேமல் வைரஸ் அப்படிப்பட்ட கோல்; ஆனால் நடுவிலே தண்டு இல்லை, துளை. நீளம் 300 நானோமீட்டர், குறுக்களவு 18. மூவாயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட கோல்களை நெடுக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர்! மணிகளாக நிற்பவை ஏறத்தாழ 2,130 புரதத் துண்டுகள். எல்லாம் ஒரே வார்ப்பு. ஒவ்வொன்றும் 158 அமினோ அமிலங்களால் ஆனது. சுழற்படிக்கட்டுப்போல் அவை சுற்றிச் சுற்றி ஏறுகின்றன. மூன்று சுற்றுக்கு 49 துண்டுகள் என்பது கணக்கு. ஆர்.என்.ஏ. எங்கே? நடுத்துளையிலே திணித்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். இல்லை! 1956இல், ஆர்.என்.ஏ. உள்ள கோலையும் இல்லாத கோலையும் கதிர்ப்படங்களால் ஒப்பிட்டுப் பிராங்க்ளின் காட்டினார்: அச்சிலிருந்து 4 நானோமீட்டர் தொலைவிலே, புரதத் துண்டுகளின் இடையே புதைந்து, அவற்றோடு சேர்ந்தே சுருண்டு ஏறுகிறது அந்த இழை. நடுவிலே துளை இருப்பதைக் காட்டிய கேஸ்பரின் கட்டுரையும் அதே ஆண்டிலே வந்தது. சிந்திக்காதே என்று தடுக்கப்பட்ட அமிலம் வைரஸுக்குள்ளே எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டியவர் அவரே!

ஏன் ஒரே வார்ப்பு? இங்கேதான் இயற்கையின் சிக்கனம். அந்த இழையிலே உள்ள எழுத்துக்கள் ஏறத்தாழ 6,400. ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்க மூன்று எழுத்து வேண்டும். 2,130 துண்டுகளும் தனித்தனி வகையாயின் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துக்கள் தேவைப்படும். ஒரே வார்ப்பாயின், 474 எழுத்துக்கள் போதும். அதே துண்டை மீண்டும் மீண்டும் வார்த்து அடுக்கிக் கொள்ளலாம். சிறு வைரஸ்கள் இப்படித்தான் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்று 1956இல் கிரிக்கும் வாட்சனும் கருத்துரைத்தனர். தேமல் வைரஸ் அதற்கு அழகிய சான்றாய் நிற்கிறது. ஒரே செங்கல், ஆயிரம் முறை. கொத்தனார் இல்லை, மேற்பார்வையாளர் இல்லை, மாளிகை தானே எழுகிறது!

1958இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் உலகப் பொருட்காட்சி. அங்கே வைப்பதற்காகத் தேமல் வைரஸின் ஆளுயர உருவம் ஒன்றைப் பிராங்க்ளின் குழுவினர் அமைத்தனர். மேசைப்பந்துகளும், மிதிவண்டிக் கைப்பிடியின் பிளாஸ்டிக் உறைகளும் கொண்டு. ஏப்ரல் 17ஆம் நாள் பொருட்காட்சி திறக்கப்பட்டது. அதற்கு முந்திய நாள், ஏப்ரல் 16, புற்றுநோய் அவர் உயிரைப் பறித்தது. வயது 37. மக்கள் திரண்டுவந்து அந்த உருவத்தைக் கண்டனர், ஆக்கியவர் இல்லை. 1962இல் டி.என்.ஏ. அமைப்புக்காக மூன்று ஆடவர் நோபல் பரிசு பெற்றனர். 1982இல் க்ளுக் அப்பரிசைப் பெற்றபோது, பிராங்க்ளின் வாழ்ந்திருந்தால் தமக்கு முன்பே இந்த மேடையில் நின்றிருக்கக்கூடும் என்று நன்றியோடு நினைவுகூர்ந்தார். பிழை ஒருமுறை முடிசூடியது. உண்மை முடிசூடாமலே மண்ணுக்குள் சென்றது. ஆயினும் இன்று பாடநூலிலே நிற்பது எது? பிராங்க்ளின் காட்டிய சுருள் இழைதான்!

'இலைத் தேமலால் எங்களுக்கென்ன?' என்று எவரேனும் கேட்பின், 2020ஆம் ஆண்டை நினைவூட்டுங்கள். உலகையே வீட்டுக்குள் அடைத்த கொரோனா வைரஸின் மூலப்பொருளும் ஆர்.என்.ஏ.தான், ஏறத்தாழ 30,000 எழுத்துக்கள். 2020 ஜனவரியிலே அந்த எழுத்துக்கள் படிக்கப்பட்டு உலகறிய வெளியிடப்பட்டன. அவ்வாண்டு முடிவதற்குள் தடுப்பூசிகள் வந்தன. அவற்றுள் ஒருவகை, ஆர்.என்.ஏ.வையே கொழுப்பு உறையிலிட்டு உடலுக்குள் அனுப்பும் ஊசி. உறையை விட்டுவிட்டுக் கடிதத்தை மட்டும் கொடுத்தாலும் செல் படித்துக்கொள்ளும் என்று 1956இல் ஒரு புகையிலை இலை கற்பித்த பாடத்தின் நீட்சி அது. யாகப் புகையிலே பிறந்ததன்று. சோதனைக் குழாயிலே, ஐயத்திலே, மறுப்பிலே பிறந்தது.

இளைஞர்களே! அறிவியலாளர் பிழை செய்வதில்லை என்று எண்ணி அறிவியலைப் போற்றாதீர்கள். அது வேறு உருவில் வந்த மூடநம்பிக்கை. மேயர் பிழைசெய்தார்; இவனோவ்ஸ்கி, பெய்யரிங்க், ஸ்டான்லி, பிரீ எல்லோருமே எங்கோ ஓரிடத்திலே தவறினர். ஆனால் அந்த நெறியிலே, தவறு கண்டவனை யாரும் கழுவேற்றவில்லை; 'சோதனையைக் காட்டு' என்றனர். காட்டினான், ஏற்றனர். ஸ்டான்லியின் கருத்தைத் தகர்த்த கலம் ஸ்டான்லியின் கூடத்திலேயே சுழன்றதே, அதுதான் பெருமை! தன் வீட்டிலேயே தன் பிழைக்குச் சான்று தேட இடம்தரும் கொள்கை எதுவோ, அதை நம்புங்கள். இடம்தர மறுப்பது எதுவாயினும், அது எத்தனை ஆயிரம் ஆண்டுப் பழமையுடையதாயினும், எத்தனை முடிகளைச் சூடியதாயினும், ஒரு கேள்வி கேளுங்கள்: "சான்று எங்கே?"